புளி தட்ட ஆள் வராத பங்குனி

கையெழுத்து நன்றாக இருக்காது. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பத்திரத்தில் கையெழுத்துப் போடத்தான். எந்த இடத்தில் எந்த ‘ற’ என்று இன்னும் எனக்கு உறுதி இல்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். நான் மரம் ஏறுகிறவன். தை முதல் பங்குனி வரைக்கும் புளிய மரம் ஏறி உலுக்குவேன், மற்ற மாதங்களில் கிடைத்த வேலை. என் மனைவி புளி வியாபாரி. கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து கூலிக்குப் புளி தட்டியவள்தான். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுக்கிற வேலை அது. பிறகு இரண்டு மரத்தைத் தானே பேசி வாங்கினாள். அப்புறம் ஐந்து, அப்புறம் பதினைந்து. பேசுவது, விலை முடிப்பது எல்லாம் அவள்தான். நான் ஏறுவேன், இறங்குவேன்.

பூவைப் பார்த்து விலை பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனியில் மரம் பூத்து நிற்கும்போதே இத்தனை மூட்டை தேறும் என்று மதித்துப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். காய் பிடித்த பிறகு வாங்கினால் விலை இரண்டு பங்கு. பூவில் வாங்கினால் மலிவு, ஆனால் காய்க்காமல் போனால் நட்டம் வாங்கியவருக்கு. மரத்துக்காரர் பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. என் மனைவி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து ஒரு கணக்குச் சொன்னால், அறுவடையில் ஒரு மூட்டை முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

1984 ஆனியில் வத்தல்மலைக்குப் போய் முப்பத்தெட்டு மரம் பேசிவிட்டு வந்தாள். எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. கேட்கவில்லை. பாப்பாரப்பட்டி மண்டிக்காரர் ஐயாயிரம் முன்பணம் கொடுத்தார். அதற்கு எங்கள் வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மறு வருஷம் பங்குனிக்குள் புளியாகவோ பணமாகவோ கட்டாவிட்டால் வீட்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. இரண்டு அறை ஓட்டு வீடு. எங்களுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆடியில் நாலு நாள் காற்றும் மழையும் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் இருவரும் மலையேறிப் போய்ப் பார்த்தோம். பூவெல்லாம் மரத்தடியில் கிடந்தது. மரத்துக்காரர் எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி குனிந்து ஒரு கை பூவை அள்ளினாள்.

“தொவையல் அரைச்சா ஊருக்கே ஆவும்ங்க,” என்றாள் அவரிடம். இறங்கும்போது அந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த வருஷம் காய்த்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை விற்ற காசும் கழுதைக் கூலிக்கும் சாப்பாட்டுக்குமே போய்விட்டது. மண்டிக்காரர் மரியாதையான ஆள். இன்னும் ஒரு வருஷம் தவணை கொடுத்தார். அடுத்த பங்குனி தாண்டினால் பேச்சில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வட்டிக்காரர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அப்படி ஒருவர் இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வரும்போது வாசலில் மொபெட்டை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

“கோயிலுக்குப் போயி பாவமெல்லாம் கழிச்சிட்டு வந்தாச்சா? என் வட்டி மட்டும் கழிய மாட்டேங்குதே!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். தெருவில் நடப்பவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் செருப்பைக் கழற்றி உள்ளே போய்விடுவேன். அவள்தான் நின்று பதில் சொல்வாள்.

மூன்றாவது ஞாயிறு அவர் போன பிறகு, கடன் மொத்தம் எவ்வளவு என்று அவளிடம் கேட்டேன். பத்து வருஷத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் எழுதி வைப்பவள் இல்லை, எல்லாம் மனசில்தான். மூலையில் இருந்த புளியங்கொட்டைச் சாக்கை இழுத்து வந்தேன். கொட்டை ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். வியாபாரக் கடன் ஒரு பக்கம், வீட்டுக் கடன் ஒரு பக்கம் என்று சொன்னேன்.

மண்டிக்கு ஐம்பது கொட்டை. அது வியாபாரம். மளிகைக் கடைக்கு ஆறு. அது வீடு. புளி தட்டிய பெண்கள் பதினோரு பேருக்குக் கூலி பாக்கி ஏழு. அது வியாபாரம். வட்டிக்காரருக்கு நாற்பது. அதையும் வியாபாரத்தில் தள்ளினாள்.

“மண்டிக்காரர் குடுத்தது பத்தலையா? இது எந்த மரத்துக்கு?” என்றேன்.

“எந்த மரமுன்னு என்னா? யாவாரந்தான்.”

“எந்த மரம்னு சொல்லு.”

கொஞ்ச நேரம் கொட்டைகளை நகர்த்திக்கொண்டே இருந்தாள். “உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு பீரோவும் கட்டிலும் எங்கிருந்து வந்துச்சின்னு நெனச்சிங்க? வானத்துலருந்தா? உங்கண்ணன் கைய விரிச்சிட்டாரு. நீங்க செவுத்தப் பாத்துகிட்டு உக்காந்திருந்திங்க. நாந்தான் போயி வாங்கியாந்தன்.”

1983ல் வாங்கியது இரண்டாயிரத்து ஐநூறு. வட்டி ஏறி நாலாயிரம் ஆகியிருந்தது. அதை ஒரே வருஷத்தில் தீர்த்துவிடலாம் என்றுதான் முப்பத்தெட்டு மரம் பேசியிருக்கிறாள். நான் நாற்பது கொட்டையையும் எடுத்து வீட்டுக் கடன் பக்கம் வைத்தேன். அப்படி வைத்துப் பார்த்தபோது வியாபாரக் குவியல் நான் நினைத்ததை விடச் சின்னதாக இருந்தது. பெண் பிள்ளை வியாபாரம் செய்து வீட்டைக் கவிழ்த்துவிட்டாள் என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. அண்ணனிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இனி யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவளும் சரி என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தப்புச் செய்தேன். கொட்டை விற்ற காசு, எனக்கு வந்த கூலி, வீட்டில் இருந்த ஒற்றை ஆட்டை விற்ற பணம் எல்லாவற்றையும் வட்டிக்காரருக்கே கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் அந்தச் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அவருக்கு அது வட்டிக்குத்தான் சரியாகப் போனது. பதினோரு பெண்களும் சத்தம் போடவில்லை. வழியில் பார்த்தால் சிரித்துவிட்டுப் போனார்கள். சத்தம் போடாதவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் மரம் பேச எங்களிடம் பணம் இல்லை. தையில் வத்தல்மலை மரத்துக்காரரே இறங்கி வந்தார். மேலே ரோடு கிடையாது, கழுதை மேல் ஏற்றித்தான் புளியை இறக்க வேண்டும். அதனால் வேறு வியாபாரிகள் அதிகம் ஏறுவதில்லை. “மரம் நல்லா காச்சிருக்குது. காசு அப்பறமா குடுங்க. போன வருசம் பூவுக்கே காசு வாங்கி சாப்ட்டவன்தான நானு,” என்றார். இருபத்திரண்டு மரம். நான் ஏறி உலுக்கினேன், அவள் பொறுக்கினாள். மாசிக் கடைசியில் எங்கள் வீட்டு ஓர் அறையும் வாசல் பந்தலும் நிறைய ஓட்டோடு புளி குவிந்து கிடந்தது. மண்டிக்காரர் கொட்டை எடுத்த புளிதான் வாங்குவார். பங்குனி முடிய ஐந்து வாரம் இருந்தது. கோடை மழை விழுந்து ஈரம் ஏறினால் புளி கறுத்துவிடும், பாதி விலைக்குக்கூடப் போகாது.

பங்குனி ஒன்றாம் தேதி காலையில் களத்தைக் கூட்டிப் பாய் விரித்து வைத்தோம். ஒருத்தியும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எல்லோரும் பக்கத்து ஊர் வியாபாரியிடம் போய்விட்டார்கள். அவளும் நானும் மட்டும் உட்கார்ந்து தட்டினோம். ஒரு வாரம் தட்டியும் குவியல் இறங்கவில்லை.

“நான் போயி கூப்ட்டா வர மாட்டாளுங்க. மூணு தடவ சாக்கு சொல்லிட்டன். நீங்க போங்க,” என்றாள்.

“நானா?”

“நீங்கதான பாத்துக்கறன்னிங்க.”

புளி தட்டுகிற பெண்களுக்கு மூத்தவள் எங்கள் தெருக்கோடியில் இருந்தாள். எனக்குக் கொழுந்தியாள் முறை. சாயங்காலம் வேலை விட்டு வந்து ஏழெட்டுப் பேர் அவள் வாசலில் உட்கார்ந்து கையில் ஒட்டிய புளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் போய் வேலி ஓரமாக நின்றேன்.

“யாரது, மாமாவா? வழி தப்பி வந்துட்டிங்களா?” என்றாள் மூத்தவள்.

வேலிப் படலைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏக்கா, வந்தவுருக்கு ஒரு முக்காலி போடு. நின்னே மரமாயிடப் போறாரு,” என்றாள் இன்னொருத்தி.

“மரமானா நல்லதுதான்டி, அவரு பொஞ்சாதி பூவப் பாத்து வெல பேசிருவா!”

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பினால் புளிக்குவியல் இருக்கிற வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

“புளி தட்ட வாங்க,” என்றேன்.

“போன வருசம் தட்டுன கூலி எங்க மாமா? வட்டிக்காரனுக்குக் குடுக்கக் காசு இருக்குது, எங்களுக்கு இல்ல. அவன் மொபெட்டுல வரான், நாங்க நடந்து வரம், அதனாலயா? உங்க வூட்டம்மா பேராசப்பட்டு முப்பத்தெட்டு மரம் வாங்குனா. அதுக்கு நாங்க பட்டினி கெடக்கறதா?”

அந்தப் பேராசை என்ற வார்த்தைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது. “அது அவ பேராச இல்ல,” என்றேன். “எந்தங்கச்சி கல்யாணத்துக்கு அவ கடன் வாங்கியிருக்கறா. எனக்கே தெரியாது. அந்தக் கடன அடைக்கத்தான் அத்தன மரம் வாங்குனா. உங்க கூலியத் தராம விட்டது நானு. அவ இல்ல. அவன் கத்தறான்னு அவனுக்குக் குடுத்தன். நீங்க கத்தல.”

யாரும் சிரிக்கவில்லை. மூத்தவள் கையில் இருந்த தண்ணீரை உதறினாள்.

“அப்ப நாங்களும் கத்தியிருக்கணும்ங்கறிங்க.”

“ஆமா.”

“நல்ல ஆளுய்யா நீங்க!” என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, “பழய பாக்கிக்குப் புளியாவே குடுத்துருங்க. தட்டுன புளி. நாங்களே நிறுத்து எடுத்துக்குவம். புதுக் கூலி அன்னன்னிக்கு சாயங்காலம் கையில வந்துரணும். ஒரு நா தள்ளுனாலும் மக்யாநாள் வர மாட்டம்,” என்றாள்.

அன்றாடக் கூலிக்கு என்ன செய்வது என்று வீட்டுக்கு வந்து யோசித்தோம். ஓட்டோடு இருந்த புளியில் எட்டு மூட்டையைப் பக்கத்து ஊர் வியாபாரிக்கே வந்த விலைக்குக் கொடுத்தோம். அவளுக்கு அதில் மிகுந்த வருத்தம். அந்தப் பணத்தை ஒரு சொம்பில் போட்டு வைத்து, தினமும் மாலை ஐந்து மணிக்கு நானே ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தேன். அந்த ஞாயிறும் வட்டிக்காரர் வந்து வாசலில் சத்தம் போட்டார். நான் உள்ளே போகவில்லை. “உங்களுக்கு அசல் வரும். வட்டி இனிமே ஏத்தாதிங்க. மண்டிக் கடன் முடிஞ்ச பெறகுதான் குடுப்பன்,” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் இன்னும் சத்தமாகத் திட்டினார். களத்தில் இருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். திட்டி முடித்துவிட்டுப் போனார்.

பங்குனி முடிய மூன்று நாள் இருக்கும்போது கடைசி மூட்டையைத் தைத்தோம். இரட்டை மாட்டு வண்டி பிடித்துப் பாப்பாரப்பட்டிக்குக் கொண்டுபோய் இறக்கினோம். மண்டிக்காரர் நிறுத்தார். கழிவு போக, ஐயாயிரத்துக்கு நூற்றுப் பத்து ரூபாய் குறைந்தது. என் மனைவி காதில் இருந்த தோட்டைக் கழற்றப் போனாள். “அதெல்லாம் வேண்டாங்கம்மா, வர்ற சீசன்ல பாத்துக்கலாம்,” என்று சொல்லி, பெட்டியைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அந்த வருஷம் கோடை மழை சித்திரை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

மலைக்காரருக்கு அடுத்த சீசனில் கொடுத்தோம். வட்டிக்காரர் வட்டியை நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்தார். அவள் ஒரு வருஷம் வியாபாரத்தை விட்டுவிட்டு, அதே பெண்களோடு உட்கார்ந்து கூலிக்குப் புளி தட்டினாள். அவளை அவர்கள் கிண்டல் செய்தார்களா என்று நான் கேட்கவில்லை. மாதா மாதம் நான் மட்டும் போய் வட்டிக்காரர் வீட்டில் பணத்தைக் கட்டிவிட்டு வருவேன். அங்கே அவர் சத்தம் போடமாட்டார், மோர் கொடுப்பார்.

கடைசித் தவணையைப் போன வாரம் கட்டினோம். இந்தத் தடவை அவளும் வந்தாள். அவர் புரோநோட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, “ஆனி வருதுல்லம்மா, மரம் பேசணும்னா கூச்சப்படாம கேளுங்க,” என்றார்.

“காச்ச மரந்தாங்க வாங்கப் போறன். பத்து மரம். அதுக்கு எங்கிட்டயே இருக்குது,” என்றாள் அவள்.

1988 மார்ச் 12, சனிக்கிழமை.