தங்கையின் முன்பல் இருந்த இடத்தில்

அடிபம்பின் கைப்பிடி தங்கையின் வாயில் அடித்தபோது அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். அப்பா இல்லை, கர்நாடகாவில் போர்வெல் வண்டியில் வேலை. வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அதனால் விவரம் தெரிந்த ஆளும் அங்கே இருந்ததாகத்தான் கணக்கு.

மேல் முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் கிடந்தது. பால்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம். புதுப்பல் சீக்கிரம் முளைக்குமாம். தங்கைக்கு வயது பதினொன்று. அது பால்பல் இல்லை.

“மசமசன்னு நிக்காம சாணி எடுத்துட்டு வாடா” என்றாள் அம்மா. எடுத்து வந்தேன். உருட்டியதும் எறிந்ததும் நான்தான்.

மறுநாள் உதடு வீங்கி வாய் நாறவும், எங்கள் ஊர் அன்னவாசலிலிருந்து திருச்சிக்குப் போனோம். பல் மருத்துவர் முதலில் கேட்டது, “பல்லு எங்க?” சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பால்ல போட்டு அப்பவே கொண்டாந்திருந்தா அதையே வச்சிருக்கலாம் தம்பி.”

அன்று மாலை ஓட்டின்மேல் ஏறித் தேடினேன். காய்ந்த உருண்டையில் என் விரல் தடம் அப்படியே இருந்தது. உடைத்தால், வேரில் ஒட்டிய சதையை எறும்புகள் தின்றுகொண்டிருந்தன.

மருத்துவர் சொன்ன வழி, தன்பல் மாற்று நடவு (நோயாளியின் பல்லையே எடுத்து வேறிடத்தில் வைப்பது). கீழ்த்தாடைக்குள் இன்னும் வெளிவராத முன்கடைவாய்ப்பல்லை (கோரைப்பல்லுக்கு அடுத்தது) எடுத்து முன்பல் இருந்த இடத்தில் வைப்பார்கள். வேர் வளர்ந்து முடியாத பல்லில்தான் ரத்த ஓட்டம் எளிதாகத் திரும்பும். பிடிக்காவிட்டால் வேரை உடம்பே கரைத்துவிடலாம். அவளுக்கு முக்கால் வேர் வளர்ந்திருந்தது. தள்ளிப்போட முடியாது.

மூன்று வாரம் கழித்து, மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள். நான் உள்ளே நின்றேன். மெல்லிய ஈரப்பையோடு பல் வந்தது; வேரின் நுனி மூடாமல் திறந்துகிடந்தது. வெளியே ஓடி வாந்தி எடுத்தேன்.

இரண்டு வாரம் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டியிருந்தது. கஞ்சி மட்டும்தான் ஆகாரம். வேளாவேளைக்கு மருந்துநீரில் நனைத்த பஞ்சால் தையலைத் துடைக்க வேண்டும். பழைய ரத்தமும் புளித்த கஞ்சியும் சேர்ந்த நாற்றம். முகத்தைத் திருப்பிக்கொண்டே துடைத்தேன்.

“அண்ணே, அருவருப்பா இருந்தா அம்மாவ வரச்சொல்லு” என்றாள். “சாணிய மட்டும் நல்லாப் பாத்துப் பாத்து உருட்டுன.”

திரும்பி, பார்த்துத் துடைத்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அருவருப்பு போகாது. அதை வைத்துக்கொண்டேதான் செய்ய வேண்டும்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் வேர் சற்று நீண்டிருந்தது. ஓராண்டில் நுனி மூடியது. பல் நிறப் பசை பூசி முன்பல் வடிவம் கொடுத்தார்கள். இப்போது அதனால் கொய்யா கடிக்கிறாள். எனக்குத்தான் என் பற்களை நாக்கால் தொட்டாலே கூசுகிறது. எலும்புக்குள் ஈரமாக ஏதோ உயிரோடு இருக்கிறது என்ற நினைப்பு. ஒரு வருடம் என்றால், எனக்கு இனி அது ஒரு வேர் மூடுகிற நேரம்.

பல்லை என்ன செய்தோம் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் கேட்டபோது பஸ் செலவும் சேர்த்துத் தொகையை மட்டும் சொன்னேன்: முப்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.