அன்ரன் அண்ணையும் மூச்சு முட்டிய கொம்பியூட்டரும்

குருநகர் அன்ரன் அண்ணை போய்விட்டார்...

காலையில் அவருடைய மகள் போனில் சொன்னாள். தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தாராம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, ஊசி, குழாய் ஒன்றுமில்லை. அழுகைக்கு முதல் எனக்கு வந்தது ஒரு நிம்மதிப் பெருமூச்சு.

எண்பதுகளின் கடைசி. கொக்குவிலில் ஒரு கொம்பியூட்டர் கிளாஸில் எனக்கு வேலை. ஒரு பெரிய மெசின், அதை நம்பி நாலு ஸ்கிரீன். இப்போது சேர்வர் என்கிறோம், அன்றைக்கு எங்களுக்கு அது "பெரியவர்". பெரியவர் விழுந்தால் நாலு பேரின் பாடமும் அழிந்துபோகும்.

தினமும் பதினொரு மணிபோல் விழத் தொடங்கினார்...

கிளாஸ் நடத்திய மாஸ்ரருக்கு என்மேல்தான் சந்தேகம். "நீர் களவாய் கேம் விளையாடுறனீர். இன்னொருக்கா விழுந்துதெண்டால் நாளைக்கு வரவேண்டாம்!"

கேம் விளையாடியது உண்மை. அது வேறு கதை. ஆனால் பெண் வீட்டாருக்குக் "கொம்பியூட்டர் மாப்பிள்ளை" என்று அம்மா சொல்லியாகிவிட்டது...

கடைசியில் மாஸ்ரர் அன்ரன் அண்ணையைக் கூட்டிவந்தார். குருநகர்க் கடற்கரையில் வள்ள என்ஜினும் தேவாலய ஸ்பீக்கரும் திருத்துகிறவர். கீபோர்ட்டைத் தொடவேயில்லை. கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து மெசினின் பின்பக்கம் பிடித்தார். தாள் அசையவில்லை.

"காத்து வெளியாலை வருதில்லை. மூச்சு முட்டித்தான் விழுறார்."

மூடியைக் கழற்றினார். உள்ளே ஃபான் முழுக்க வெள்ளைத் தூள். விரலில் தொட்டு மணந்தார். பிறகு மெல்ல என் நெற்றியைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். காலையில் முதல் ஆளாக வந்து, பெரியவரின் மேல் ஓட்டைகளுக்குள்ளால் திருநீறு தூவியவன் நான். முதலில் ஒரு சிட்டிகை, நல்லபடி ஓடட்டும் என்று. விழ விழக் கூட்டிக்கொண்டே போனேன்...

"என்ன அன்ரன் அது?" என்றார் மாஸ்ரர்.

"உப்புக்காத்து மாஸ்ரர். எங்கடை என்ஜினுக்கும் உது பிடிக்கிறது. பொடியனிலை பிழையில்லை."

கொக்குவிலில் எங்கே கடல்! மாஸ்ரர் தலையாட்டினார்.

போகும்போது அன்ரன் அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, திருநீறு நெத்திக்கு. நானும் சிலுவையை என்ஜினுக்குள்ளை போடுறேல்லை."

பெரியவர் பிறகு அப்படி விழவில்லை. கல்யாணமும் நடந்தது. மனைவி இதை இங்கேதான் முதன்முதலாக வாசிக்கிறாள்.

அதற்குப் பிறகு அண்ணை என்னை எங்கே கண்டாலும், சந்தை நடுவில் என்றாலும், ஒரு தாளை எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடிப்பார். "ஓம், காத்து வருது. ஆள் சுகம்."

மாஸ்ரர், நீங்களும் வாசிப்பீர்கள் என்று தெரியும். அது உப்புக்காற்று இல்லை... நான்தான். அப்பாடா, சொல்லிவிட்டேன்.

போய்வாருங்கள் அண்ணை... இன்றைக்கு நெற்றியில் மட்டும்தான் பூசியிருக்கிறேன்.