மாத்திரையைச் சொல்லாத சாட்சி

பச்சை ஏலக்காயின் வாசத்தில் ஒரு காரம் உண்டு. கடையில் வாங்கிப் பாயசத்தில் தட்டிப் போடுகிறவர்களுக்கு அது தெரியாது. வாரம் ஆறு நாளும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் "கா எடுக்க"ப் போகிற பெண்கள், ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டுக் குளித்து, பவுடர் பூசி, வெள்ளைச் சேலை கட்டி வந்து உட்கார்ந்தாலும் எங்கள் தகரக் கொட்டகைச் சபையில் அந்த வாசம்தான் நிற்கும். ஜெபத்துக்குக் கைகளை உயர்த்தும்போது இன்னும் கூடும். பரிசுத்த ஆவி என்றால் இந்த வாசம்தான் போலிருக்கிறது என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. எல்லாரிலும் உயர நிற்பது என் அம்மாவின் கை. குரலும் அவளுடையதுதான் பெரியது. அவள் பாட்டை எடுத்துக் கொடுத்தால் முந்தல் ரோட்டில் சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றி நின்று கேட்டுவிட்டுப் போவான்.

இதை இனிப்பாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இருபது வருஷம் கழிந்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

என் அக்கா எஸ்தருக்கு அப்போது பதினாலு வயது. அவளுக்கு வலிப்பு வரும். தெருவில் அதை "வெட்டு" என்றார்கள், சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். சபையில் பிசாசு என்றார்கள். அப்பா கேரளாப் பக்கம் எஸ்டேட்டில் தங்கல், மாதம் ஒரு முறைதான் வருவார் என்பதால் அம்மாதான் ஒருநாள் வேலைக்குப் போகாமல் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டர், எப்போதிருந்து வருகிறது, வரும்போது எப்படி இருக்கும் என்று பொறுமையாகக் கேட்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒருநாள்கூட விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதே சமயம் வெள்ளிக்கிழமை தோறும் சபையில் உபவாச ஜெபமும் நடந்தது. அக்காவை நடுவில் உட்கார வைத்து, பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து "போ! வெளியே போ!" என்று அதட்டுவார். நாலு மாதம் வெட்டு வரவில்லை. அம்மா இரண்டுக்கும் சேர்த்தே நன்றி சொன்னாள். "மாத்திரையையும் கர்த்தருதானடி குடுத்தாரு" என்பாள். அதில் என்ன குறை? இன்றைக்கு வரை எந்த வேதபண்டிதன் சொல்லியும் இதைவிட நல்ல இறையியலை நான் கேட்டதில்லை.

எங்கள் சபையில் முதல் பாட்டு முடிந்ததும் "சாட்சி நேரம்". சுகம் கிடைத்தவர்கள் எழுந்து மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். ஞாயிறு சொன்ன சாட்சி திங்கட்கிழமை காலை ஜீப்புகளில் ஏறி எஸ்டேட் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அம்மாவின் முறை வந்த அன்று, பாஸ்டர் அவளை முன்னதாகவே ஓரமாகக் கூப்பிட்டார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாத்திரையப் பத்திப் பேச வேணாம்மா. மகிமை டாக்டருக்குப் போயிரும்" என்றார்.

அம்மா தலையாட்டினாள். மேடையேறி, கர்த்தர் என் மகளைத் தொட்டார் என்று மட்டும் சொல்லி அழுதாள். தகரம் அதிர "அல்லேலூயா" எழுந்தது. அடுத்த வாரம் குரங்கணியிலிருந்துகூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குச் சங்கடம். சாட்சி சொன்ன வாயோடு சாயந்தரம் மகளுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்க அவளுக்குக் கை கூசியது. மனசு கேட்காமல் பாஸ்டரிடமே போய், "ஐயா, மாத்திரைய நிப்பாட்டணுமா?" என்று கேட்டாள்.

"சாட்சி சொன்ன வீட்ல மாத்திரைக்கு என்னம்மா சோலி? கர்த்தரப் பொய்யராக்கப் போறீங்களா?" என்றார் அவர்.

சாமர்த்தியத்தைப் பாருங்கள்! நிறுத்து என்று அவர் சொல்லவே இல்லை. கேள்வியாகக் கேட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். அம்மா வீட்டுக்கு வந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டாள். போடும்போது ஸ்தோத்திரம் சொன்னாள்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, காலையில். அம்மாவின் ஜீப் விடியும்போதே போய்விடும். உலை வைப்பது அக்கா. விறகைத் தள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கை அடுப்புக்குள் போனது. பக்கத்தில் நான் இருந்தேன். எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

நான் பிடிக்கவில்லை. பாஸ்டர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றேன். இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையைத் தூக்கி, "போ! இயேசுவின் நாமத்தில் வெளியே போ!" என்று கத்தினேன். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் நாங்கள் பிசாசு விரட்டி விளையாடுவது வழக்கம். அதில் நான் கெட்டிக்காரி. அது போகாததால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு கத்த வேண்டும் என்பதால் கண்ணையும் மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தைரியம் இல்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அத்தை. "அடி பாதகத்தி! கையப் பிடிச்சு இழுக்காம என்னடி கூவிக்கிட்டு நிக்குற!" என்று என்னைத் தள்ளிவிட்டு அக்காவை இழுத்துப் போட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த அத்தைதான் ஆட்டோ பிடித்து, அக்காவை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நல்ல சமாரியன் கதையை எங்களுக்குப் படம் போட்டு நடத்தியவர்களில் ஒருவர்கூட அந்த வார்டுப் பக்கம் வரவில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கில் தீர்ப்புச் சொன்னார். அற்புதம் நடந்தது உண்மையாம். அதைக் காத்துக்கொள்ள அந்த வீட்டில் விசுவாசம் இல்லையாம். அம்மாவை முன்னால் வந்து முழங்கால் போட்டுச் சபையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டாள். ஏலக்காய் வாசம் வீசிய அத்தனை பேரும் "ஆமென்" என்றார்கள். எல்லாரும் சொன்னதால் நானும் சொன்னேன்.

அதன்பின் அம்மா சபைக்கு ஒரு வாரமும் வராமல் இருந்ததில்லை. சுவரோரமாகக் கடைசிப் பாயில் உட்கார்வாள். கையை உயர்த்த மாட்டாள், வாயைத் திறந்து பாட மாட்டாள். அக்காவுக்கு மறுபடி மாத்திரை தொடங்கியது, வலிப்பு நின்றது. விரல்கள் மூன்று ஒன்றாக ஒட்டியது ஒட்டியதுதான். அந்தக் கையோடுதான் இன்றைக்கும் ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிறாள்.

கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகு ஒருநாள் சுவிசேஷத்தில் ஒரு கதையைத் தனியாக உட்கார்ந்து படித்தேன். மலையடிவாரத்தில் ஒரு தகப்பன் வலிப்புள்ள மகனைச் சீஷர்களிடம் கொண்டுவருகிறான். பையன் தீயில் விழுகிறவன், தண்ணீரில் விழுகிறவன். சீஷர்களால் முடியவில்லை. இயேசு மலையிலிருந்து இறங்கி வந்து சலித்துக்கொள்கிறார். ஆனால் தகப்பனை மண்டியிட வைக்கவில்லை. இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று அவனிடம் கேட்கிறார். ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட கேள்வி! எங்கள் பாஸ்டர் ஒருநாளும் கேட்காத கேள்வி! தனக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்தத் தகப்பன் வாய்விட்டு அழுகிறான். அதற்காகப் பையனுக்குச் சுகம் மறுக்கப்படவில்லை. பிறகு சீஷர்கள், எங்களால் ஏன் முடியவில்லை என்று வெட்கப்பட்டுத் தனியே வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காவது வெட்கம் இருந்தது. எங்கள் ஆளுக்கு மைக் இருந்தது.

அடுத்த பஸ்சைப் பிடித்துப் போடிக்கு வந்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தப்பு உன்மேல் இல்லை என்று அடித்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கடைசியில், "அந்த அப்பனுக்கு அரை விசுவாசமாச்சும் இருந்துச்சு பாப்பா. எனக்கு அதுவும் இல்லாமப் போச்சே" என்றாள். அந்தப் பழியை அவளுக்குள் அவ்வளவு ஆழமாக இறக்கிவிட்டிருந்தார்கள் பாவிகள்.

போன மாசியில் அம்மா இறந்தாள். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடி வைத்த கட்டடம், பெரிய திரை, பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர். காலையில் எடுத்துக் கொடுக்க ஒரு பெண்குரல் வேண்டியதில்லை, பாட்டைக் கம்ப்யூட்டர் போடுகிறது. நரைத்துப்போன அதே பாஸ்டர்தான் கல்லறைக்கு வந்தார். குழிக்கு முன்னால் நின்று, "இந்தத் தாயின் மகளுக்குக் கர்த்தர் செய்த அற்புதத்தை இந்த ஊரே அறியும்" என்று தொடங்கினார். நான் ஒரு எட்டு எடுத்து வைத்தேன். ஆனால் முன்னால் போய் நின்றது அக்கா.

"ஐயா, எங்கம்மாவுக்கு விசுவாசம் இல்லன்னு சபையில சொன்னீங்க. அது தப்புன்னு இப்பச் சொல்லுங்க. அதுக்கப்பறம் மண்ணு போடுவோம்."

"அதெல்லாம் அந்தக் காலம்மா. விடும்மா" என்றார் பாஸ்டர்.

"நாங்க நிக்கிறோம். நீங்க சொல்லுங்க."

அவர் வேதாகமத்தை மூடினார், திறந்தார், பக்கத்தில் நின்ற தன் மகனைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சபை மூப்பர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு வயசான அம்மாள் மெல்ல நடந்து வந்து அம்மாவின் சவப்பெட்டி மேல் கையை வைத்து, "நாங்கதான் தாயி தப்பா ஆமென் போட்டுட்டோம். ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல. மன்னிச்சிரு" என்று சத்தமாக அழுதார்.

சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்காவும் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த அம்மாள் இருபது வருஷமும் ஞாயிறு தவறாமல் என் அம்மாவுக்குப் பக்கத்தில், அதே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்.