இடுப்பளவு வேலி

சென்ற வாரம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் கையொப்பம் வாங்க வந்தனர். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறதாம். லாலாங் புல் மண்டிவிட்டதாம். விதிப்படி நடவடிக்கை வேண்டுமாம். விதிகளை மதிப்பவன் நான். பேனாவைத் திறந்தும்விட்டேன். அப்போது எங்கிருந்தோ புல் வெட்டிய வாசனை வந்தது.

ஜப்பானியர் ஆண்ட காலத்தில் நாங்கள் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் வாசனை, நண்பரே. இரயில்வே குவாட்டர்ஸில் செடிவேலி இடுப்பளவைத் தாண்டக்கூடாது, முன்புறம் பூச்செடி தவிர வேறெதுவும் கூடாது என்பது வெள்ளையர் வகுத்த விதி. அவர்கள் ஓடிய பின்னும் ஊரார் கிராணி என்றழைத்த, தலைமை எழுத்தரான என் தந்தையார் அதைக் கைவிடவில்லை. நான் மட்டும் என்ன? கல்லூரி முடித்த மிடுக்கில், வயிற்றில் மரவள்ளி மட்டுமே இருந்த நாளிலும் கழுத்துப்பட்டி இன்றி வெளியே போனதில்லை.

பக்கத்து வீட்டு மாணிக்கத்தைச் சயாம் இரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் சென்றனர். பசி தாளாமல் அவர் மனைவி பார்வதி பண்டமாரான் என்ற ஊரில் உறவினர் ஒருவரிடம் போய் ஒதுங்கினார். காலி வீடென்று தெரிந்தால் ஜப்பானியர் எடுத்துக்கொள்வர். புறப்படுமுன் பார்வதி தந்தையாரிடம் சொன்னார்:

"பாத்துக்குங்கண்ணே. அவரு திரும்பி வந்தா இங்கதான் வருவாரு. வேற எடம் அவருக்குத் தெரியாது."

ஆள் இருப்பதுபோல் தெரியத் தந்தையார் மாலைதோறும் அந்த வீட்டில் விளக்கேற்றினார். எங்கள் துணிகளை அந்தக் கொடியில் உலர்த்தினார். வேலியைக் கத்தரித்துச் சமன்செய்தார்.

"துரையே ஓடிட்டாரு, துரை வேலிக்கு இன்னும் முடிவெட்டுறீங்களே கிராணி!" என்று எதிர்வீட்டுச் சாமுவேல் சிரிப்பார்.

வாசலில் மரவள்ளி நட ஆணை வந்தபோது எங்கள் ரோஜாக்களைத் தந்தையாரே பிடுங்கினார். பார்வதியின் முற்றத்தில் மட்டும் கைவைக்கவில்லை. "நம்பி விட்டுட்டுப் போன வீடு. இருந்தபடியே இருக்கணும்."

சோதனைக்கு வந்த ஜப்பானிய அதிகாரி அந்த வேலிமுன் நின்றார். உடன் வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழர்; அவர் கேட்டார்:

"எல்லா வாசல்லயும் மரவள்ளி. இங்க மட்டும் ரோஜா. அப்ப இந்த வீட்டுல இருக்கறவங்க என்னத்தச் சாப்பிடுறாங்க?"

கதவை உடைத்தார்கள். அவரை முட்டியிட வைத்து அறைந்ததை விரித்தெழுத எனக்கு மனமில்லை. அவர் தவறு செய்தார் என்று என்னெதிரே எவரும் சொன்னதுமில்லை. அந்த வீட்டு வரிசை முழுவதும் ஜப்பானியச் சிப்பாய்களுக்குப் போயிற்று. நாங்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினோம்.

போர் முடிந்தபின் அங்கே சென்றோம். பார்வதியின் வீட்டில் புதிதாகக் குடியேறியிருந்த பெண் சொன்னார்: "போன வாரம் ஒரு ஆளு வந்தாரு, எலும்பும் தோலுமா. பார்வதின்னு கேட்டாரு. அப்படி யாரும் இங்க இல்லன்னு அனுப்பிட்டேன்."

தந்தையார் இரயில் நிலையம், மருத்துவமனை, கோயில் வாசல் எங்கும் தேடினார். மாணிக்கம் கிடைக்கவில்லை. பார்வதி ஞாயிறுதோறும் பண்டமாரானிலிருந்து வந்து அந்த வீட்டுமுன் நின்றார். வேலி அப்போது ஆளுயரம் வளர்ந்திருந்தது.

சங்கத்தாருக்கு நான் கையொப்பம் இடவில்லை. திறந்த பேனாவை மூடிவிட்டேன்.

அந்த வரிசை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. ஒருமுறை காரை நிறுத்தித் தேடினேன். பார்வதி நின்ற இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை.