என் நெற்றி, என் விருப்பம்

கணவர் மாரடைப்பில் இறந்து சில வருடங்கள் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், நான் புருவங்களை உயர்த்தும் ஒப்பரேஷன் செய்துகொண்டேன். எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. லண்டன் நோர்பரியில் ஒரு மருந்துக் கடைக் கவுண்டரில் வேலை. பிறவியிலேயே தாழ்ந்த என் புருவங்கள் நாற்பதைத் தாண்டியதும் இமைகளின் மேலே வந்து உட்கார்ந்துவிட்டன. நன்றாகத் தூங்கி எழுந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போனாலும், "அழுதனீங்களோ?" என்று கேட்டார்கள். கணவரை இழந்தவள் என்பதால் எவரும் வேறு காரணம் தேடவில்லை. துக்கம் எனக்கு இருந்தது. அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிய நான் சம்மதிக்கவில்லை.

ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் என்னைக் கண்ணாடி முன் இருத்தி, இரண்டு கட்டைவிரல்களாலும் நெற்றித் தோலை மேலே தள்ளினார். என் கண்களை முழுதாகப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"இவ்வளவுதான் கிடைக்கும். இளமை திரும்பி வராது" என்றார். பிறகு எதையும் மறைக்காமல் சொன்னார். காதிலிருந்து காதுவரை முடிக்குள்ளே வெட்டுவார். தோலைத் தளர்த்தி மேலே இழுத்துப் பொருத்துவார். உச்சந்தலை மரத்துப்போகும், சிலருக்கு உணர்வு முழுதாகத் திரும்பாது. தழும்போரம் முடி உதிரலாம். அரிதாக, புருவத்தை அசைக்கும் நரம்பு பழுதாகலாம்.

"உங்கள் கணவர் என்ன நினைக்கிறார்?"

"அவர் இறந்துவிட்டார். தினமும் கண்ணாடி பார்ப்பவள் நான்."

கணவரின் தமக்கை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். செய்தி கேட்டதும் வந்துவிட்டார்.

"உமக்கென்ன விசரோ? மனுசன் போனபிறகு ஆருக்குக் காட்ட இந்த வடிவு?"

"எனக்குத்தான், மச்சாள்."

"சனம் என்ன கதைக்கும்?"

"இப்பவும் கதைக்கினம்தானே, அழுதழுது முகம் கெட்டுப்போச்செண்டு. இனி வேற ஏதாவது கதைக்கட்டும்."

ஒப்பரேஷன் முடிந்து விழித்தபோது தலையைச் சுற்றி இரும்பு வளையம் இறுக்கியது போலிருந்தது. மயக்க மருந்தால் வாந்தி வந்தது. மறுநாள் தலைக்கட்டை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் தலையணைகளை அடுக்கி, என்னைச் சாய்ந்தபடி தூங்க வைத்தாள்.

பிறகுதான் வீக்கம் நெற்றியிலிருந்து கண்களுக்கு இறங்கியது. இரண்டும் கீறல்போல ஒடுங்கின. கன்னம்வரை கருநீலம் பரவியது. முன்கூட்டியே சொல்லப்பட்டதுதான். ஆனாலும் கண்ணாடியைப் பார்த்தபோது, என்ன செய்துகொண்டேன் என்று அழுதேன்.

"அம்மா, டொக்டர் சொன்னவர்தானே. வீக்கம் வத்தும்" என்று மகள் ஐஸ் துணியை நீட்டினாள்.

வலியைவிட அரிப்புதான் கொடுமை. தலைக்குள் எறும்பு ஊர்வது போலிருக்கும். தொட்டால், தொட்ட இடத்தில் உணர்வே இருக்காது.

சூப்போடு வந்த மச்சாள் என் முகத்தைக் கண்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆரும் கேட்டால் கார் அடிபட்டதெண்டு சொல்லும்" என்றார்.

காயத்தைப் பிடித்திருந்த கம்பிகளைக் கழற்றிய பின் வந்த வெள்ளிக்கிழமை, கருநீலம் மஞ்சளாக மாறியிருந்த முகத்தோடு மச்சாளுடன் விம்பிள்டன் கோயிலுக்குப் போனேன். தெரிந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வயதான ஒருவர் என் கையைப் பிடித்து, "ஆர் அடிச்சது, பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார்.

"கார் அடிபட்டது" என்றார் மச்சாள் அவசரமாக.

"காரும் அடிக்கேல்லை, ஆளும் அடிக்கேல்லை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் விரும்பிச் செய்த ஒப்பரேஷன். நெத்தியை மேல இழுத்துப் பொருத்தியிருக்கு."

பிறகு ஒருத்தி, "கடவுள் தந்த முகத்தை மாத்தலாமோ? அதோட கோயிலுக்கும் வாறதோ?" என்றாள்.

"கோயிலுக்குள்ளை இருக்கிற பிள்ளையாருக்குத் தலையையே மாத்தினதுதானே."

கையைப் பிடித்திருந்தவர் சிரித்துவிட்டார். இன்னும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மச்சாள் பூசைக்கு நிற்காமல் தனியாக ரயிலேறிப் போனார். நான் நின்று, கும்பிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

முதல் சில வாரங்கள் எதையோ கண்டு திகைத்தவள்போல இருந்தேன். மெதுவாகப் புருவங்கள் தங்கள் இடத்தில் அமர்ந்தன. நெற்றி உணர்வு திரும்பியது. உச்சியில் ஓர் இடம் இன்றுவரை திரும்பவில்லை.

தீபாவளிக்குத்தான் மச்சாள் மறுபடி வீட்டுக்கு வந்தார். பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தை நெடுநேரம் ஆராய்ந்தார்.

"வலப் புருவம் கொஞ்சம் கூடுதலா ஏறி நிக்குது" என்றார்.

"ஓம், தெரியும். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.