சுவரைப் பார்த்துப் பேசிய பிரெஞ்சு

என் கணவரின் அண்ணன் மனைவி வீட்டிலேயே பிரெஞ்சு சொல்லித் தருகிறாள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, பேசச் சொன்னால் மட்டும் பேந்தப் பேந்த விழிக்கிற ஆட்கள்தான் அவளிடம் வருவார்கள். அவர்களுக்கு அவள் வைத்திருந்த வைத்தியம் ஒன்றே: நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, தனக்கு முதுகைக் காட்டிப் பேசச் சொல்வாள். முகம் தெரியாவிட்டால் பயமும் தெரியாதாம். "சுவருக்கே இந்நேரம் பிரெஞ்சு வந்திருக்கும்க்கா" என்று கிண்டல் செய்வேன்.

ஒரு நர்ஸ் வந்தாள். புருஷன் வெளிநாட்டில், இவள் கைக்குழந்தையோடு இங்கே. அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தால்தான் குடும்பம் ஒன்று சேரும். சுவரைப் பார்த்து உட்கார வைத்தால் பொரிந்து தள்ளுவாள், திரும்பினால் ஊமை. "போகப் போகச் சரியாயிடும்" என்றாள் அக்கா. அதற்குள் நேர்முகத் தேர்வே வந்துவிட்டது, வீடியோவில், அக்காவின் லேப்டாப்பில்.

நாங்கள் இருவரும் கதவிடுக்கில் நின்றோம். திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் முதல் கேள்வியைக் கேட்டாள். நர்ஸின் உதடு துடித்ததே தவிர சத்தம் வரவில்லை. அடுத்து அவள் செய்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்த அம்மாளுக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்து, மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டாள்!

"அடிப்பாவி, காரியத்தைக் கெடுத்தாளே!" அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திரையிலிருந்து வெடுக்கென்று ஒரு குரல்.

"என்னக்கா சொல்றாங்க?"

"சுவத்துல எழுதி ஒட்டி வச்சுப் படிக்கிறாளாம். போதும், முடிச்சுக்கலாம்கறாங்க. எல்லாம் என்னாலதான்டி."

நர்ஸ் விருட்டென்று திரும்பினாள். லேப்டாப்பைத் தூக்கி வெறும் சுவரைச் சுற்றிக் காட்டினாள். பிறகு அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அழுதபடியே பிடிபிடியென்று பிடித்தாள், பிரெஞ்சில். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் புல்லரித்தது.

"'நான் ஒண்ணும் ஏமாத்தல, உங்க முகத்தைப் பார்க்க பயமா இருந்துச்சு, அதான் திரும்பினேன்'ங்கறா. ஐயோ, இன்னும் நிறுத்தலையே!" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ கேட்டாள். நர்ஸ் பதில் சொன்னாள். மறுபடி கேள்வி, மறுபடி பதில்.

"இப்ப என்னக்கா?"

"எப்ப கிளம்பி வர முடியும்னு கேக்கறாங்கடி!" அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லேப்டாப்பை மூடிவிட்டு நர்ஸ் வெளியே வந்தாள். "டீச்சர், நான் அந்தம்மா முகத்தைப் பார்த்தா பேசினேன்?"

ஊருக்கே பேசச் சொல்லித் தருகிற எங்கள் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.