ஒரிஜினல் வேகம்

பழைய வீடியோ கேம் ஒன்றைப் புது போனில் ஓடவிட்டு, "பாருங்க, அப்ப இருந்ததைவிட இப்ப நல்லா ஓடுது" என்று யாராவது காட்டினால் எனக்குக் கோபம் வரும். எழுந்து வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிற அளவுக்குக் கோபம். போன மாதம் ஆபீஸில் கூட வேலை செய்கிறவர் அப்படித்தான் காட்டினார். நான் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டேன். பாவம், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானே என் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அதுதான் விஷயம்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே. அப்பா இல்லை. அம்மா காலையில் வாசலில் ஆப்பக் கடை போடுவாள். தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் பத்தாவது பாஸ் செய்தபோது, பர்மா பஜாருக்குப் போய் அவனுக்கு ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தாள். அதோடு வந்த கேசட்டில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டு இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. உள்ளே இருந்தது ஏழுதான். அந்த ஏழையும் வேறு வேறு பேரில் திருப்பித் திருப்பி அடுக்கி வைத்திருந்தான் எந்தப் புண்ணியவானோ.

ஏழில் ஒன்று அண்ணனுடையது. தொப்பி போட்ட குள்ளன் ஒருவன் ஓடிக்கொண்டே இருப்பான். அவனுக்கு மூன்று உயிர், அதற்குள் மூன்று பாலம் தாண்ட வேண்டும். மூன்றாவது பாலத்தில் குள்ளன் கால் வைத்ததுமே பலகை கீழே விழும். விழுவதற்குள் அடுத்த பலகைக்குத் தாவ வேண்டும். எங்கள் தெருவில் அதைத் தாண்டியது அண்ணன் ஒருவன்தான். உதட்டுக்குள் "ரெண்டு, மூணு, தாவு" என்று எண்ணிக்கொண்டே தாண்டுவான். சில நாள் கண்ணை மூடிக்கொண்டும் தாண்டிக் காட்டுவான். அதற்கென்று ஒரு பாட்டு ஓடும். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அம்மா உள்ளே மாவு அரைப்பாள். பிறகு கடற்காற்றில் உப்பேறி அந்த டிவி கேம் பெட்டி ஒருநாள் செத்துப்போனது. அம்மா அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினாள்.

அண்ணன் மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். கம்பெனி பேரைச் சொல்லப்போவதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. ஏழு வருடம் அங்கே டேங்கர் லாரிக்குக் குழாய் மாட்டினான். ஒருநாள் குழாய் பிடுங்கிக்கொண்டு, கொதிக்கிற காரத் தண்ணீர் அவன் வலது கையில் கொட்டியது. கையுறை ஏன் போடவில்லை என்று கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார். ஏழு வருடத்தில் ஒரு ஜோடி கையுறை கொடுத்ததில்லை அந்த மனுஷன். காகிதத்தில் வீட்டில் வெந்நீர் கொட்டியது என்று எழுதச் சொன்னார். அண்ணன் எழுதவில்லை, அதனால் வேலை போயிற்று. இன்றைக்கும் அந்த ஆள் எதிரே வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஐந்தாறு மாதத்தில் கை ஆறியது. தோல் சுருங்கி, பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் விரல் எல்லாம் மடங்கும், நீளும். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவன் கட்டை விரலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லா இருக்குப்பா. பயந்துதான் நீ கையைச் சும்மா வச்சிருக்கே, அதை வேலை வாங்கு" என்றார். அண்ணன் தலையை ஆட்டினான், நம்பவில்லை.

அந்த நேரத்தில்தான் தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டப் பழக ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. எழுத்துப் பரீட்சை கிடையாது. வெள்ளிக்கிழமை காலை போய், கிரேனில் ஏறி, பெட்டியைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக் காட்ட வேண்டும். வலது கையால் பிடிக்கிற லீவர்தான் பெட்டியை ஏற்றி இறக்குவது. அண்ணனுக்கு இருபத்தைந்து வயது. அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். அம்மா போ போ என்றாள். நானும் சொன்னேன்.

"பொட்டிக்குக் கீய நாலு பேர் நிப்பான் பாப்பா," என்றான் அண்ணன். "என் கை அரை செகண்டு பின்னாடி வந்துச்சுன்னா அவன் தலை போயிடும். எனுக்கு வேலை வோணும்தான். அதுக்காவ இன்னொருத்தன் வூட்ல எழவு வுழணுமா?"

கையை எப்படி சோதிப்பது என்று அவனே ஒரு வழி சொன்னான். "நம்ம குள்ளன் கேம் கெடைக்குமா? மூணாவது பாலத்த ஒரு உசிரு கூட வுடாம தாண்டிட்டா நான் போறேன். அது தெரியும் எனுக்கு. கண்ண மூடிகினே தெரியும்."

நான் அப்போது தேரடி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்துகொண்டிருந்தேன். முதலாளி கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட வைத்திருந்தேன். எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. பழைய விளையாட்டுப் பெட்டி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே கம்ப்யூட்டரை நடந்துகொள்ள வைக்கும். அதில் நல்லதாகப் பார்த்து ஒன்றை இறக்கினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மாதிரியே இருக்கும் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினேன். குள்ளனையும் தேடிப் பிடித்துவிட்டேன். கேசட்டில் இருந்த மாதிரி திருட்டுச் சரக்கு இல்லை, அசல்.

வெறுமனே ஓட வைத்துக் கொடுத்திருந்தாலாவது பரவாயில்லை. எனக்கு கம்ப்யூட்டர் தெரியும் என்கிற திமிர். அந்த மென்பொருளில் படத்தை மேம்படுத்த என்னென்ன இருந்ததோ எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். கட்டம் கட்டமாக இருந்த குள்ளனின் மூஞ்சி மழமழவென்று ஆனது. கலர் பளிச்சென்று வந்தது. சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலும் பிரிந்து கேட்டது. "இது ஒரிஜினல்ணா, ஒரிஜினலைவிட நல்லா பண்ணது" என்று பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் எல்லாமே டூப்ளிகேட். வாட்ச், செருப்பு, டேப் ரிக்கார்டர், பள்ளிக்கூடப் பை, எல்லாம் பஜார் சரக்கு. அதனால் ஒரிஜினல் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அது சரியாக ஓடாவிட்டால் தப்பு எங்கள் மேல்தான். ஒரிஜினல் தப்புப் பண்ணுமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் ஆட உட்கார்ந்தான். முதல் பாலத்திலேயே தடுமாறினான். மூன்றாவது பாலத்தில் இரண்டாம் பலகையோடு சேர்ந்து கீழே போனான். மறுபடி ஆடினான். அதே பலகை. அன்றைக்கு எத்தனை தடவை என்று எண்ணவில்லை. திங்கள் ஆடினான், செவ்வாய் ஆடினான். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டாம் பலகை, அதே ஒரு கண்ணிமைப்பு தாமதம்.

கை நடுங்குகிறவன் ஒரு தடவை முந்துவான், ஒரு தடவை பிந்துவான். இவன் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுதான் பிந்தினான். அளந்து வைத்த மாதிரி. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் நான். எனக்கு அது உறைக்கவில்லை.

உறைத்தது அம்மாவுக்கு. அடுப்படியிலிருந்து கேட்டாள். "இன்னாடி இது, பாட்டு யாரோ தொரத்துற மாதிரி ஓடுது? நம்ம பொட்டில இப்டி ஓடாதே."

"அது பஜார் பொட்டி. இது நல்லா பண்ணது. உனக்கு இன்னா தெரியும், சும்மா கெட" என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். "எல்லாம் எனுக்கு முன்னாடி போவுது பாப்பா. கை பின்னாடியே வருது. போச்சு, வுடு" என்றான். வெள்ளிக்கிழமை யார்டுக்குப் போகவில்லை. அம்மா அழுதாள், கத்தினாள், சோறு போடாமல் படுத்தாள். நானும் கத்தினேன். ஒரு விளையாட்டைப் பார்த்து வாழ்க்கையை முடிவு பண்ணுவாயா என்று கேட்டேன். அவன் அடுத்த வாரம் ஒரு கோடவுன் கேட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். வலது கையைத் தொடைமேல் போட்டு வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் இடது கையையே நீட்ட ஆரம்பித்தான். சாப்பாட்டை ஸ்பூனால் இடது கையில் சாப்பிட்டான். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக இடது கையால் போராடிப் போட்டான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் மேல் எரிச்சலாக வரும். அவன் மேல்!

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பின்பக்கம் அம்மா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் புதிதாக டிவி கேம் வாங்கியிருந்தார்கள். அதே பஜார் சரக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் குள்ளன் பாட்டு கேட்டது. அம்மா அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இதான் நம்ம பாட்டு."

நான் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பாட்டு ஒரு சுற்று முடிய இருபத்துநான்கு நொடி ஆயிற்று. வீட்டுக்கு வந்து எங்கள் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தேன். இருபது நொடி.

அன்றைக்கு பிரவுசிங் சென்டரில் வேறு வேலையே செய்யவில்லை. தேடித் தேடிப் படித்தேன். இந்த விளையாட்டைச் செய்தவர்கள் ஊரில் டிவி நொடிக்கு அறுபது படம் காட்டுமாம். நம் ஊர் டிவி ஐம்பது. நமக்கென்று வந்த டூப்ளிகேட் பெட்டி நம் டிவிக்குத் தகுந்தபடி ஐம்பதில் ஓடியது. அதனால் குள்ளனும் மெதுவாக ஓடினான், பலகையும் மெதுவாக விழுந்தது, பாட்டும் மெதுவாகப் பாடியது. என் அண்ணன் கைக்குத் தெரிந்தது அந்த வேகம். நான் ஒரிஜினல் என்று கொண்டுவந்து வைத்தது, அவன் வாழ்க்கையில் ஒருநாள்கூட ஆடாத விளையாட்டு. மென்பொருளில் ஐம்பதில் ஓட வைக்கவும் ஒரு டிக் இருந்தது. மழமழப்புக்குப் போட்டேனே டிக், அதற்கு நான்கு வரி கீழே.

அங்கிருந்தே பஸ் பிடித்து யார்டுக்குப் போனேன். கேட்டில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆள் எடுத்து முடித்தாயிற்று, சேர்ந்தும்விட்டார்கள், இனி அடுத்த வருடம்தான் என்றார். வயது கேட்டார். சொன்னேன். "அப்போ இதாம்மா அவருக்குக் கடைசி" என்றார். நான் அந்தக் கேட்டிலேயே நின்று எதிரே போகிற லாரிகளைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மென்பொருள் செய்தவனையா, கான்ட்ராக்டரையா, ஐம்பது அறுபது என்று உலகத்தை இரண்டாகப் பிரித்தவனையா. எல்லாரையும் திட்டி முடித்தால் கடைசியில் நான்தான் நின்றேன்.

அண்ணனிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேலை போனது போனதுதான், சொன்னால் இன்னும் வயிறு எரியும். ஆனால் அவன் இடது கையால் பொத்தான் போடுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். யூனிபார்ம் சட்டை ஆணியில் தொங்கியது. "ஒரே ஒரு தடவ ஆடுண்ணா" என்றேன். முறைத்தான். நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்தோ என்னவோ, பனியனோடு உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்தான். மழமழப்பு, கலர், இரட்டைச் சத்தம் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தேன். கீழே இருந்த அந்த ஒரு டிக் மட்டும் போட்டிருந்தேன்.

முதல் பாலம் தாண்டினான். இரண்டாவது தாண்டினான். மூன்றாவதில் உதடு அசைந்தது. ரெண்டு, மூணு, தாவு. பலகைகள் ஒவ்வொன்றாக அவன் பின்னால் விழுந்தன. குள்ளன் அந்தப் பக்கம் போய் நின்றான். மூன்று உயிரும் அப்படியே இருந்தது. உள்ளேயிருந்து அம்மா, "ஆங், இப்போ சரியா கீது" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். யார்டுக்குப் போனதையும் சொன்னேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்த வெள்ளிக்கெயம என் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா."

அடித்திருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதற்காகவே அவன் முகத்துக்கு நேரே நின்றேன். அவன் எழுந்து சட்டையை எடுத்து மாட்டினான். வலது கையால், மேலிருந்து கீழே, ஆறு பொத்தானையும் மளமளவென்று போட்டான். ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மாவிடம் வரேன் என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து மூடுகிற வேலைக்குப் போனான்.